செவ்வாய், வியாழன், சனி

வியாழக்கிழமை, காலை ஏழரை மணி
டயாலிசிஸ் அறைக்கு வெளியே, நீல பெஞ்சு

அன்புள்ள அக்காவுக்கு,

'நாங்கள் இங்கு நலம், நீங்கள் அங்கு நலமா' என்று கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் பாதியை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இரண்டாவது பாதியை மட்டும் எழுதுகிறேன். நீயும் அத்தானும் பாப்பாவும் நலமா? பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முழுதாக வந்துவிட்டதா?

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பாவுடையது. ஸ்பீக்கரில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு எங்களைப் பேச விடுகிறார். மெயிலும் அவருடையது. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்குக் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். பத்து நாள் என்றால் எங்கள் கணக்கில் நான்கு டயாலிசிஸ்.

இப்போது பள்ளிக்குப் போகும் முன் நான்தான் அப்பாவோடு இங்கு வருகிறேன். அம்மா மருந்துக்கடையைத் திறந்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்து என்னை மாற்றிவிடுவாள். இந்த பெஞ்சில் உட்கார்ந்து மட்டும் இந்த வருடம் பதினேழு புத்தகம் படித்து முடித்திருக்கிறேன். நீ வைத்த 'புழு' என்ற பெயர் இங்கும் பரவிவிட்டது. வாட்ச்மேன் கூட "என்ன புழு, இன்னைக்கு எத்தனாவது பக்கம்?" என்றுதான் கேட்கிறார்.

முதலில் இருந்து சொல்கிறேன். நிரந்தரமாகத் தங்குவதற்கான தாள் கைக்கு வருவதற்குள் நீ அந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், ஆறு வருடம் காத்திருந்தது வீணாகிவிடும் என்று போன ஜனவரியில் அழுதுகொண்டே சொன்னாயே, அன்று அப்பா உன்னிடம், "அதுக்கு எதுக்கும்மா அழுவுற, விடு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிஸ்டரிடம், "இந்த மெஷின் வெளிநாட்டுலயும் இருக்கும்ல? அவ வர முடியாதுன்னா என்ன, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றார். அன்றிலிருந்து நான் பயண அமைச்சர். அப்பா கொடுத்த பதவி.

பயண அமைச்சரின் வேலை லேசானது இல்லை அக்கா. சாதாரண மனிதர்கள் விடுமுறைக்குப் போவதென்றால் டிக்கெட், ஹோட்டல் என்று பார்ப்பார்கள். நாம் முதலில் ஒரு நாற்காலியைத் தேட வேண்டும். உன் ஊரில் வெளியூர் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிற டயாலிசிஸ் நிலையம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து நான்கு பஸ் நிறுத்தம், மேப்பில் பார்த்தேன். அங்கே மொத்தம் ஆறு நாற்காலி. மே மாதம் நாம் அங்கே இருக்கிற இரண்டு வாரத்துக்கு ஆறு முறை வேண்டும். அவர்கள் அனுப்பிய ஃபாரம் ஒன்பது பக்கம். ரத்தப் பரிசோதனைகள், எந்தக் கையில் ஊசி, எவ்வளவு நேரம், என்னென்ன மருந்து, எல்லாம் நானே நிரப்பினேன்.

அதில் 'உலர் எடை' என்று ஒரு கட்டம் இருந்தது. உடம்பில் தேங்கிய நீரை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுகிற எடை அது. போன வருடம் அறுபத்திரண்டு. ஃபாரத்தில் நான் எழுதியது ஐம்பத்தேழு. அப்பா எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார் பாருங்கள் என்று சின்ன சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, "அது கொறையக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கண்டக்டர் என்று ஒருவர் இருந்தார். நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். தினமும் மெஷின் ஓட ஆரம்பித்ததும், "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார். ஒன்பது நாற்காலியும் சிரிக்கும். நம் பயணத் திட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். "எனக்கும் ஒரு சீட்டு போடு பாப்பா, சில்லறை மட்டும் கேக்காத" என்பார். அப்பா விடமாட்டார். "உங்கள ஏத்துனா பிளேன்லயும் படியிலதான் நிப்பீங்க, நான் மாட்டேன்பா" என்பார். நான்கு மணி நேரமும் இப்படியே போகும். உன் பாப்பாவின் போட்டோவை அப்பா அவருக்குக் காட்டியிருக்கிறார். "மூக்கு உங்க மூக்குதான், பாவம்" என்று சொன்னாராம்.

உன் ஊர் நிலையத்திலிருந்து முதலில் வந்த பதில், அந்தத் தேதிகளில் நாற்காலி எதுவும் காலி இல்லை, காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்பது. அப்பா முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு தினமும் பள்ளிக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து பார்ப்பேன். திறப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்காவது ஒரு நாற்காலி காலியாகட்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஒருநாள் விடாமல், ஐந்து வாரம். இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டக்டர் வரவில்லை. எதற்கென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன, குரல் கொடுக்க ஆள் இல்லை. வியாழக்கிழமை அவருடைய நாற்காலியில் புதிதாக ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் இதே நீல பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலு மாசமா அலையுறோம்மா, எங்க அதிர்ஷ்டம், டக்குனு ஒரு இடம் காலியாயிடுச்சு" என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் கழிவறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஐந்து வாரமாக நான் எதை வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அக்கா. எவ்வளவோ படிக்கிறேன். இது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை உன் ஊரிலிருந்து மெயில் வந்தது. ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது, செவ்வாய், வியாழன், சனி, காலை வேளை. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் மருத்துவரின் சான்றிதழோடு உறுதி செய்ய வேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, "யாருன்னு போடலையா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன். "போட மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். ஞாயிறு வரை பொறுக்காமல் அன்றிரவே உன்னைக் கூப்பிட்டுப் பேசும்போது, "உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கா? இருந்தா நான் ஒரு பார்வை பாத்துடறேன், உங்க ஊரு மெக்கானிக்க நம்ப முடியாது" என்று சிரித்தாரே, அது நடிப்பு இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர், நம் மூன்றாம் மாடிக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார். அந்த வாரம் மட்டும் ஒரு திருப்பத்தில் நிற்காமல் ஏறினார்.

சான்றிதழுக்காக அப்பாவும் அம்மாவும் நேற்று முன்தினம் டாக்டரைப் பார்த்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்காருவதையே உடம்பு தாங்கவில்லை, பாதியில் பிரஷர் இறங்கிவிடுகிறது, இதயமும் ஒத்துழைக்கவில்லை, விமானத்தில் பதினோரு மணி நேரத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று டாக்டர் கேட்டார். அப்பாவை எடை பார்க்க அனுப்பிவிட்டு அம்மாவிடம் வேறு சில கேள்விகள் கேட்டார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்றார். இரண்டு பெண்கள் என்றாள் அம்மா. பெரியவர் எங்கே இருக்கிறார் என்றார். அம்மா சொன்னாள். அவர் இங்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

அம்மா அதற்குப் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்தவள் என்னிடம், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

சின்ன சிஸ்டர் என்னைக் கூப்பிடுகிறார். மீதியை அப்புறம்


சனிக்கிழமை, காலை எட்டு மணி
அதே பெஞ்சு

அன்று பாதியில் விட்டதற்கு மன்னித்துக்கொள். அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. நாற்காலியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தார்கள். ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். கண் விழித்ததும், "எந்த ஸ்டாப்பு இது?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டரை மணி நேரத்தோடு மெஷினை நிறுத்திவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரரும் கீழ்வீட்டுப் பையன்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கி வந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "ஓவர்லோடு, ஒரு ஆள் இறங்குங்க" என்றார்.

நேற்று இருபதாம் தேதி. பள்ளியிலிருந்து வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு மெயிலைத் திறக்கச் சொன்னார். "எழுது. எங்களுக்கு அந்த நாற்காலி வேணாம்னு எழுது" என்றார். இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம் அப்பா, உடம்பு தேறினால் டாக்டர் கையெழுத்துப் போடலாமே என்றேன். "அங்க ஒரு புழு பெஞ்சுல உக்காந்துட்டு தினமும் மெயில பாத்துட்டு இருக்கும்டா. சீக்கிரம் அனுப்பு" என்றார். நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அனுப்பினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. நன்றி, அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. பெட்டியை அம்மா மறுபடி பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அப்பா உன்னிடம் வழக்கம்போல மே மாதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் கடற்கரைக்குப் போகலாம் என்று நீ சொல்வாய், சரி என்பார். நீயும் அத்தானும் அப்பாவுக்காகக் கூடத்தில் போட்ட கட்டிலை இந்தக் கடிதம் வந்த பிறகு மடித்து வைத்துவிடு.

நான் காகிதமும் கையுமாக இருப்பதை அப்பா பார்த்துவிட்டார். யாருக்கு என்று கேட்கவில்லை. "எழுதுறதுன்னா எழுது. ஆனா ஒண்ணு. அக்காவ கூப்பிட்டு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. ஆறு வருசம் அவ அங்க பட்டது எனக்குத் தெரியும். என் ஒருத்தனுக்காக அவ எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிக்கக் கூடாது. என் மேல சத்தியம்" என்றார். அவர் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன் அக்கா. நான் அதை மீறவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாலும் அந்த ஒரு வார்த்தை உனக்குக் கிடைக்காது.

மற்றபடி, நீ தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்று சில விஷயங்களை எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறிலிருந்து பத்து வரை அப்பா இங்கே இருப்பார். முன்வாசல் ஏழு மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன் என்றால் ஆம்புலன்ஸ் நிற்கிற பக்கமாகத்தான் நுழைய வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். சின்ன சிஸ்டரிடம் பெரிய பெண் என்று சொன்னால் போதும், உன் முகம் அவருக்குத் தெரியும், அப்பா போட்டோ காட்டியிருக்கிறார். கதவிலிருந்து மூன்றாவது நாற்காலி. மற்ற நாட்களில் வீட்டில்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், வழியில் இருக்கிறதே என்று யாரும் நகர்த்தக் கூடாது. கதவைத் தட்டினால் அப்பா எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும். சாவி எதிர் வீட்டில் இருக்கிறது.

அப்பாவின் கையைப் பிடிப்பவர்கள் வலது கையைத்தான் பிடிக்க வேண்டும். இடது கையில்தான் ஊசி குத்துகிறார்கள், அதை அழுத்தக் கூடாது, அதில் குழந்தையைப் படுக்க வைக்கவும் கூடாது. ஆனால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே காதை வைக்கலாம். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் உர்ர்ரென்று கேட்கும். 'மோட்டார்' என்பார் அப்பா. தினமும் காலையில் நான் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இன்றைக்குக் காலையிலும் கேட்டது.

நீயும் அத்தானும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை,
புழு