லேசான எஞ்சின்

1988, ஐப்பசி. ஞாயிறு இரவு, திருமுல்லைவாயில்.

எழுத வேண்டியவை:
1. புது எஞ்சின் படகில் கச்சிதமாகப் பொருந்தியது.
2. லேசானதைத் தேர்ந்தெடுத்தது என் பிழை.
3. இனி இந்த வேலையில் நான் தலையிடக் கூடாது.

தங்கை மகன் சேகர் திருமழிசைப் பக்கத்து ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் வேலையை எடுத்திருக்கிறான். நாளை அதிகாரி வரும்போது படகு ஓடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, நான் சொன்ன புதியதைப் பொருத்தினான். போல்ட் துளைகளைக்கூட அளந்து வரைந்து கொடுத்தேன். எடையை யோசிக்கவில்லை. படகின் பின்புறம் மேலே எழும்பிவிட்டது. படகைத் தள்ளும் விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே நின்று நுரையை மட்டும் கிளப்பியது.

"இன்னா மாமா, படகு வாலைத் தூக்கிகினு கீது?"

"எஞ்சின் லேசு, சேகர். பின்னாடி கனம் வேணும்."

"அவ்ளோதானே? நீ வந்து குந்து."

"எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"மூட்டைக்கு இன்னாத்துக்கு நீச்சல்?"

ஏறி உட்கார்ந்தேன். விசிறி நீருக்குள் இறங்கியது. படகு நகர்ந்தது. எஞ்சின் சத்தம்கூடத் தொலைவில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. இலைகள் விலகி, எங்களுக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டன. வானம் எது, நீர் எது என்று சிறிது நேரம் தெரியவில்லை. இப்போதும் கட்டில் மெல்ல ஆடுகிறது.

கரையேறியதும், நாளைக்கு மணல் மூட்டை போட்டால் போதும் என்றேன்.

"மணல் மூட்டைக்கு எஞ்சின் சத்தம் புரியுமா? காலைல வந்துடு மாமா."

மூன்றாவதாக எழுதியது தவறு.