சட்டைப்பையில் ரெண்டு ஓட்டை

பிப்ரவரி 3

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் தேய்க்கச் சொன்னா நாளைக்குன்னு சொல்லுவே, உன்னை எனக்குத் தெரியாதா.

இடிஞ்ச அணு உலைக்குள்ள பைப் வெட்டுற வேலை நடக்குது. பதினஞ்சு நிமிஷம் வெட்டணும், வெளியே வந்து ரெண்டு தரம் குளிக்கணும். இப்படியே குளிச்சா நான் வரும்போது புது மாப்பிள்ளைன்னு நினைச்சுக்குவே. பம்ப் அறைக் கதவுக்கு இன்னும் ஆறு அடிதான். விபத்து நடந்த நாள்லேருந்து எட்டு வருஷமா நம்ம பிள்ளை அதுக்குள்ள கிடக்கான். கதவை நான்தான் திறக்கணும். திறந்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்.

உடம்புல ஏறுற கதிர்வீச்சைக் காட்டுற பேட்ஜ்ல அளவு பாதிதான் ஏறியிருக்கு. பயப்படாதே.

உன் வெல்டர்

பிப்ரவரி 12

என்னங்க,

தைலம் தேய்ச்சாச்சு. அதை விடுங்க. டிசம்பர் கடிதத்துலயும் பாதின்னுதான் எழுதியிருந்தீங்க. தினம் உள்ளே போறவருக்கு ரெண்டு மாசமா அளவு ஏறவே இல்லையா? அந்த உலைச் சலவைக்கூடத்துல பன்னிரண்டு வருஷம் உங்க எல்லார் உடுப்பையும் துவைச்சவ நான். எங்கிட்டயே கதை விடறீங்களா? அளவு நிறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பேட்ஜை எங்கே கழட்டி வைக்கிறீங்க?

பதில் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 20

என் வீட்டுக்காரிக்கு,

கண்டுபிடிச்சுட்டே. லாக்கர்ல காலுறைக்குள்ள வைச்சுட்டுப் போறேன். இல்லேன்னா டிசம்பரிலேயே அனுப்பியிருப்பாங்க. யாரோ ஒருத்தன் வந்து பிள்ளையைப் பழைய சாமான் மாதிரி ஒதுக்கித் தள்ளுவான். என்னால தாங்க முடியாது. இன்னும் மூணு அடி. யார்கிட்டயும் மூச்சு விடாதே.

உன் வெல்டர்

பிப்ரவரி 26

என்னங்க,

பாதுகாப்பு அதிகாரிக்கு நேத்தே எழுதிப் போட்டுட்டேன். காலுறை வரைக்கும் எழுதிட்டேன்.

பிள்ளை போயிட்டான். மிச்சம் இருக்கிற ஒருத்தரையும் அந்தக் கட்டடத்துக்குக் கொடுக்க என்னால ஆகாது. கோபம் வரும், வரட்டும். இங்கே வந்து கோபப்படுங்க. தட்டைத் தூக்கி எறிஞ்சாலும் பொறுக்கி வைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

உனக்கு,

நீ எழுதினதைப் பார்த்துட்டு என்னை உலை வாசல்லயே நிறுத்திட்டாங்க. என் இடத்துக்கு வந்த வெல்டர் பதினோராம் தேதி கதவைத் திறந்தார். பிள்ளை கதவோரமாத்தான் இருந்தானாம். பக்கத்துல ஸ்பானர். கதவுல உள்பக்கம் பூரா அடிச்ச வடு. நம்மகிட்ட கொடுக்க மாட்டாங்க, உடம்புல கதிர்வீச்சு இன்னும் அடங்கலை. ஈயப் பெட்டியில வைச்சு கான்கிரீட் ஊத்திட்டாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன்.

உன்மேல கோபம் இல்லை. நான் வராததுக்குக் காரணம் வேற. விபத்து அன்னிக்கு எனக்கு லீவு, உனக்குத் தெரியும். வெளியே வர்றவங்க பேட்ஜைக் கழட்டி லாக்கர்ல வைப்பாங்க, அதை வைச்சுத்தான் ஆளை எண்ணினாங்க. லாக்கரைத் துழாவினப்போ அவன் பேட்ஜ் உள்ளே இருந்துது. ஆள் வெளியே வந்தாச்சுன்னு பம்ப் அறை இரும்புக் கதவை இறக்கிட்டாங்க. அளவு நிறைஞ்சா உங்க ஷிப்ட்லேருந்து என்னை மாத்திடுவாங்கப்பான்னு அவன் கண் கலங்கினப்போ, பேட்ஜைக் காலுறைக்குள்ள வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

எந்த மூஞ்சியை வைச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவேன்?

பிள்ளையின் அப்பா

மார்ச் 27

என்னங்க,

கடிதம் வந்து மூணு நாளாச்சு. அடுப்பு பத்த வைக்கலை.

பேட்ஜோட கிளிப் கடிச்சா சட்டைப்பையில ரெண்டு ஓட்டை விழும். துவைக்கிற எங்களுக்குத்தான் அது தெரியும். அவனுக்குப் புது உடுப்பு கொடுத்து ஆறு மாசமாகியும் பையில ஓட்டை விழலை. அவன் பேட்ஜ் மாட்டறதே இல்லைன்னு ஒவ்வொரு தரமும் பார்த்தேன். கேட்டா அப்பாவும் பிள்ளையும் மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்குவீங்கன்னு, மடிச்சு அடுக்கிட்டேன்.

உங்களைப் பத்தி அதிகாரிக்கு எழுதின கை, அவனைப் பத்தி அன்னிக்கே எழுதியிருக்கணும்.

எட்டு வருஷம் இதை மறைச்சேன். இதைப் படிச்சப்புறமும் வரணும்னு தோணினா வாங்க. தனியா அழ இனி என்னால முடியாது.

பிள்ளையின் அம்மா