முட்டு எடுத்த காலை

மச்சான், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் புளித்த வாசனை இன்று காலை முற்றத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது. நீ உள்ளே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருப்பதாக ஒரு நொடி நம்பிவிட்டேன். கூரையைத் தாங்கக் கொடுத்திருந்த முட்டுக் கம்பத்தை எடுக்கத்தான் வந்திருந்தேன்.

செங்கல்பட்டில் இந்த வீட்டை விற்கத்தான் வாங்கினேன். நெல் மண்டிக்காரர் ஒருவர் பர்மாத் தேக்கு இறக்கிக் கட்டியது. கூடத்தில் நான்கு தூண், மேலே உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை. வீடு பளிச்சென்று தெரிய வெளிச்சுவரில் சிமெண்டு பூசச் சொன்னேன். கொத்தனாரான நீ கரண்டியைத் தொடவில்லை.

"சுண்ணாம்புச் செவுருக்கு மூச்சு வோணும் மச்சான். நீ மூக்க அடைக்கிற."

"வாங்கறவன் மூக்கையா பாக்கப் போறான்? மூஞ்சியத்தான் பாப்பான்" என்றேன். வேறு ஆளை வைத்துப் பூசினேன்.

மூன்று மழைக்காலம் போயிற்று, வீடு விற்கவில்லை. மகாபலிபுரம் ரிசார்ட்டுக்காரர் தூண்களை மட்டும் கேட்டார். உன்னை நச்சரித்து, ஜாக்கியால் உத்திரத்தைத் தூக்கி முதல் தூணை விடுவித்தோம். என் சட்டையில் வெள்ளைத் தூள் கொட்டியது. நீ அண்ணாந்தாய். சிமெண்டு அடைத்த ஈரத்தில், சுவருக்குள் இருந்த உத்திர முனைகள் குழைந்த சோறாகியிருந்தன.

"அல்லாரும் வெளிய ஓடுங்கடா! நீயுந்தான், தூண் யாவாரி!"

முதலில் ஓடியவன் நான். நீ மட்டும் அடியில் நின்று, ஜாக்கியை நூல் நூலாக இறக்கி, பாரத்தைத் தூண்மேல் மறுபடி உட்காரவைத்தாய். வெளியே வந்து தண்ணீர் கேட்டாய். தம்ளர் உன் கையில் ஆடியது.

"தூணு நின்னுகினு கீது, அதான் வூடு கீது" என்றாய்.

மறுவாரமே முட்டுக் கொடுத்து, சிமெண்டைச் செதுக்க ஆரம்பித்தாய். பாதிச் சுவரில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. மீதியை உன் ஆட்கள் முடித்தார்கள். அழுகிய முனைகளுக்குப் பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டார்கள். ரிசார்ட்டுக்காரர் நேற்றும் கூப்பிட்டார். தூண் விற்பனைக்கு இல்லை என்றேன்.

இன்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

"நீங்க இன்னாத்துக்கு மொதலாளி?" என்றார் மேஸ்திரி. முட்டின் அடியிலிருந்த ஜாக்கியின் பிடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அரைச் சுற்று. அண்ணாந்து பார்த்தேன். இன்னும் அரைச் சுற்று. ஒட்டுப்போட்ட இடம் முனகியது. என் கால் வாசல் பக்கம் திரும்பியது, திருப்பி வைத்தேன். கடைசியில் முட்டு தளர்ந்து கையோடு வந்தது. சட்டையைத் தடவினேன். தூள் இல்லை, வெறும் வியர்வை.

வெளியே வந்து தண்ணீர் கேட்டேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, மச்சான்.