பத்தரைக்குச் சூரியன் மறையும் ஊர்

ஜூன் 15, ஞாயிறு

ப்ரியாவுக்கு ஸ்வீடனில் இடம் கிடைத்துவிட்டது. மண் அறிவியலில் முதுகலை, இரண்டு வருடம், உதவித்தொகையோடு. என் மகள் ஜினப்பிரியா, வடதுருவத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் ஓர் ஊரில். காலையில் அவள் சொன்னதும் தோசை கருகியது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவர் விதைக்கடையைத் திறக்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை விதை வாங்க யார் வரப்போகிறார்கள்?

சாயங்காலம் வழக்கம்போல் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட வந்தார். எங்கள் தெருவில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இவருக்குப் பொழுது முடிந்தது. மலை மறைத்திருக்கிறதே தவிர சூரியன் இன்னும் இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். ஒரு சமூக அறிவியல் டீச்சர் சொல்கிறாளே என்று கேட்டால்தானே.

கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார். "அங்க போனா ராத்திரில சாப்புடுவா இல்ல?"

அவ்வளவுதான் அவர் கவலை. குளிர் இல்லை, தனிமை இல்லை, கல்யாணப் பேச்சு கூட இல்லை. நாங்கள் ஜைனர்கள். இருட்டில் பூச்சி புழு உணவில் விழுந்து சாகும் என்று, விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. இருட்டின பிறகு இந்த வீட்டில் யாரும் யாரையும் "சாப்டியா" என்று கேட்டதே இல்லை.

ஜூன் 18

இவர் போக வேண்டாம் என்று சொல்லி மூன்று நாளாகிறது. ப்ரியா அழுது முகம் வீங்கிப் போயிருக்கிறாள்.

நான்தான் வழி சொன்னேன். "போற எடத்துல இருட்டுல சாப்புட மாட்டேன்னு சாமி முன்னாடி சொல்லிட்டுப் போவட்டும். அப்ப விடுவீங்களா?"

ப்ரியா உடனே போனை எடுத்து அந்த ஊரின் சூரிய நேரத்தைப் பார்த்தாள். இன்றைக்குச் சூரியன் மறைவது இரவு பத்தரைக்கு மேல். அதை இவரிடம் நீட்டினாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"பத்தரை வரைக்கும் வெளிச்சமா? நம்ம ஊர்லயே அவ்ளோ நேரம் இல்லியே. அப்ப இன்னா கஷ்டம்?"

மூன்று பேரும் சிரித்தோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 6

மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலில் ப்ரியா விரதம் எடுத்துக்கொண்டாள். கை கூப்பி, தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். இவர் கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 17

போய்விட்டாள். விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அவள் செருப்பைப் பார்த்ததும் அழுதேன்.

செப்டம்பர் 7

காட்டுக்குள் கூட்டிப் போய்க் குழி வெட்ட விடுகிறார்களாம். இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு போன் செய்தாள். மேலே சாம்பல் நிற மண், அதன் கீழே துருப்பிடித்த மாதிரி சிவப்பு. "நைனா விக்கிற விதை ஏன் நம்ம மேட்டு நெலத்துல மட்டும் சரியா வரலன்னு இங்க நின்னுதாம்மா புரியுது" என்றாள். இவரிடம் சொன்னேன். "அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா" என்றார். ஆனால் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

போனாளே, அது சரிதான். இங்கேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றியிருக்காது.

அக்டோபர் 30

ப்ரியா அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு பேசினாள். அங்கே மாலை நாலரைதான். ஏன் என்று கேட்டேன், மழை மேகமாம்.

நவம்பர் 12

எட்டாம் வகுப்புக்குப் பூமியின் சாய்வு நடத்தினேன். வருடா வருடம் நடத்துவதுதான். சன்னலைச் சாத்திவிட்டு, உருண்டையை மேசைமேல் வைத்து, டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். "இப்ப நமக்குக் குளிர்காலம். வடக்குப் பக்கம் சூரியனை விட்டு விலகிச் சாஞ்சிருக்கு, பாருங்க" என்றேன். உருண்டையைச் சுற்றினேன். தமிழ்நாடு வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்வீடனின் வடக்கு விளிம்பில் வெளிச்சம் ஒரு நொடி பட்டது, உடனே அது இருட்டுக்குள் போனது.

மழை மேகம் இல்லை.

டார்ச்சைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்பு கலைவாணி டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னா மாலினி, உடம்பு சரியில்லையா" என்றாள்.

இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஜூன் மாதத்துச் சூரியனைப் பார்த்து டிசம்பருக்கு விரதம் எடுக்க வைத்தவள் நான். தூ. நானெல்லாம் ஒரு டீச்சர்.

நவம்பர் 13

கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொல்லிவிட்டாள். இப்போதே மூன்று மணிக்கு இருட்டிவிடுகிறது. டிசம்பரில் இரண்டுக்கு முன்னாலேயே. விடிய ஒன்பது ஆகும், அதற்குள் வகுப்புக்கு ஓட வேண்டும். நடுவில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. ஆய்வகம் இருக்கும் நாளில் அதுவும் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நைனா திரும்பி வரச் சொல்வாரு."

டிசம்பர் 4

பள்ளியில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ரஞ்சனி, ப்ரியாவோடு ஒரே விடுதியில் இருக்கும் திண்டிவனத்துப் பெண். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. ப்ரியா ஆய்வகத்துல மயங்கி விழுந்துட்டா. இப்ப நல்லாத்தான் இருக்கா. ஆனா ராத்திரில எதுவும் சாப்புட மாட்டேங்கறா, நீங்களாச்சும் சொல்லுங்க."

பயப்படாதே என்றால் பயப்படாமல் இருக்க முடியுமா.  தலைமை ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

இவர் முழுதும் கேட்டார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "டிக்கெட் போட்டுடறேன். வந்துடட்டும்" என்றார்.

டிசம்பர் 6

ஜனவரியில் தேர்வு. இப்போது வந்தால் இடம் போய்விடும், உதவித்தொகையும் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினேன் என்றே எழுதலாம். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். சாப்புடும்மான்னு சொல்லுங்க. உங்களப் பாத்துதான சொல்லிட்டுப் போனா?"

"எங்கிட்ட சொல்லல மாலினி. சாமிகிட்ட சொன்னா. அத எடுக்க நான் யாரு? நான் அவள பட்டினியா கெடன்னு சொல்லலியே. ஊருக்கு வான்னுதான் சொல்றேன்."

கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம்.

டிசம்பர் 7

காலையில் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மதியமே திரும்பிவிட்டார். "இன்னா சொன்னாங்க?" என்றேன். கேட்கவில்லையாம். வாசல் வரை போய்விட்டு வந்துவிட்டாராம். சாப்பிடச் சொல்லிவிடுவார்கள் என்று பயமா, கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்று பயமா? அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 10

ப்ரியாவின் முகம் போனில் பாதியாகத் தெரிகிறது. கன்னமே இல்லை.

நானே சொன்னேன். "சாப்புடு. பாவம் வந்தா எனக்கு வரட்டும். யோசன சொன்னது நான்தான."

 "நீ சாப்புடுவியாம்மா? இருட்டுனப்பறம், ஒரு வாய்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். "பாத்தியா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11

முடியுமா என்னால்?

டிசம்பர் 13

காய்ச்சலில் கிடந்தபோதும், பிள்ளை பெற்று மூன்றாம் நாள் பசியில் வயிறு எரிந்தபோதும் இருட்டில் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. யாரும் கட்டாயப்படுத்தியதல்ல. என் பெயர் மாதிரி அது, கூடவே இருப்பது. அதை விட்டால் நான் யார் என்று பயமாக இருக்கிறது.

இவர் டிக்கெட் பார்த்து வைத்துவிட்டார். இருபதாம் தேதிக்கு. நாளை மறுநாள் பணம் கட்டிவிடுவாராம்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் இவர் சாப்பிட்டார். நான் பசியில்லை என்றேன். சாதத்தையும் பருப்பையும் மூடி வைத்தேன். ராஜகிரி கறுத்தது. தெருவிளக்கு வந்தது.

எட்டரைக்குப் ப்ரியா கூப்பிட்டாள். அங்கே நாலு மணி, சன்னல் முழுக்க இருட்டு. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் சாதத்தைப் பிசைந்ததும், "அம்மா, வேணாம்மா" என்றாள்.

 டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது, சாதத்தில் ஒரு பூச்சி இல்லை. ஆனாலும் முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது வாய் கொஞ்சம் சுலபம். எனக்கு அழுகை வந்தது, பசியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று தெரியாது.

"நான் சாப்டுட்டேன். இப்ப நீ எடுத்துட்டு வா" என்றேன்.

எழுந்து போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. கிண்ணத்தில் ரஞ்சனி செய்த சாம்பார் சாதம். ஆவி பறந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். கிண்ணம் காலியாகும் வரை நான் போனை வைக்கவில்லை.

திரும்பினால் இவர் அறை வாசலில் நிற்கிறார். எப்போது வந்தாரோ. என் தட்டைப் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

டிசம்பர் 15

இவர் என்னோடு பேசவில்லை. டிக்கெட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 16

 இன்றும் நானும் ப்ரியாவும் எட்டரைக்குச் சாப்பிட்டோம். இவர் அறைக்குள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

டிசம்பர் 21, ஞாயிறு

வருடத்திலேயே குறைந்த பகல் இன்று. நாளையிலிருந்து அங்கே வெளிச்சம் கூடும்.

நேற்றைய விமானம் போய்விட்டது, ப்ரியா அதில் இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இவர் இன்றும் மலை மறைப்பதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார். அது மாறாது, மாற வேண்டாம். எட்டரைக்கு நான் அடுப்படியில் இருக்கும்போது போன் அடித்தது. ஓடி வருவதற்குள் இவர் எடுத்துவிட்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சாப்டியாம்மா?" என்றார்.