மேடம் டூஃபியின் காரில் மீன் பொரியும் சத்தம்

மார்ச் 3, ஞாயிறு

கையெழுத்துக்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தான். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே தொங்குகின்றன. ஐம்பது வருஷம் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை இது. பென்சிலையும் திருகப் பார்க்கிறது.

எனக்கு அறுபத்தொன்பது வயது. தேவாலயத்துக்குப் பின்னால் நடக்கும் முதியோர் வகுப்பில் ஒன்பது மாதம் படித்தேன். டீச்சர் ஃபெலிசியா, "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது எழுதுங்க மாஸ்டர், பொய்யா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். பொய் சொல்ல நிறைய வார்த்தை வேண்டும். என்னிடம் அவ்வளவு இல்லை. ஆகவே உண்மையையே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மேடம் டூஃபி வண்டியைக் கொண்டுவந்து விட்டார். குமாசிச் சந்தையில் துணி மொத்த வியாபாரம் செய்கிறவர். கறுப்பு நிற ஜெர்மன் கார், இருபது வயது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் எங்கள் சுவாமே பட்டறைப் பேட்டையின் சுத்தியல் சத்தம் எல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. ரேடியோவில் விளக்கு எரிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி அவர் மகள் அச்சியாவுக்குக் கல்யாணம். பெண் இந்தக் காரில்தான் போகவேண்டும், ஜன்னலைத் திறந்து பாட்டு அலறவேண்டும். "பழைய ரேடியோ அப்படியே இருக்கணும் மாஸ்டர். அதைச் சுத்தி இருக்கற மரப்பலகையில ஒரு கீறல் விழுந்தாலும் உங்கள கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டேன்" என்றார்.

இரண்டு வருஷமாக, கார் ரேடியோ சரிசெய்யும் என் கொட்டகைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. எல்லாரும் எதிர்ச் சாரியில் யாவ் அடுசெய்யிடம் போகிறார்கள். இந்த ஒரு வண்டி நன்றாகப் பாடிவிட்டால் திரும்பி வருவார்கள். இல்லையென்றால் கொட்டகையைப் பட்டறைக்காரர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவு எழுத மூன்று மணி நேரம் ஆனது. ஆகா!

மார்ச் 5, செவ்வாய்

கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றினேன். ஓரத்து நுரைப்பஞ்சு பழைய ரொட்டி போல விரலில் உதிர்ந்தது. நான்கும் போய்விட்டன.

மார்ச் 8, வெள்ளி

இந்தக் காரில் ஒரு அதிசயம் இருக்கிறது. ரேடியோவிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கயிற்றில் செம்புக் கம்பியே இல்லை. உள்ளே வெளிச்சம் ஓடுகிறது. பாட்டு வெளிச்சமாகப் போய், அந்தப் பக்கத்தில் மறுபடி பாட்டாகிறது. கயிறு அறுந்திருந்தது. உதிரிபாகச் சந்தில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய கயிறு ஒன்றை வாங்கிவந்து போட்டேன். அப்போதும் சத்தம் இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இன்று கயிறு விற்ற இப்ராஹிம் தானே வந்து பார்த்தான். பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாஸ்டர், வெளிச்சத்தோட கழுத்த நெரிச்சு வெச்சிருக்கீங்களே!"

நாங்கள் வயரைக் கட்டுவது பழைய டயர் டியூபை வெட்டிய ரப்பர் வாரால்தான். இறுக்கிக் கட்டாதவனை சுவாமேயில் எலக்ட்ரீஷியன் என்றே சொல்லமாட்டார்கள், எங்கள் ரோட்டுக் குழிகளில் எல்லாம் கழன்றுவிடும். நான் அந்தக் கயிற்றையும் ஏழு இடத்தில் இறுக்கி, மூலையில் மடித்துக் கட்டியிருந்தேன். மடித்தால் வெளிச்சம் திரும்பாதாம். வார்களை அறுத்துவிட்டுக் கயிற்றின் நுனியை உள்ளங்கையில் பிடித்தேன். சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. கல்யாணப் பெண் மாதிரி கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரேடியோ பேசிவிட்டது! உடைந்த ஸ்பீக்கரில் கரகரவென்று பேசியது. பேசட்டும்.

மார்ச் 13, புதன்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. கதவுகளில் நான்கு புதிய ஸ்பீக்கர்கள். முன்கண்ணாடியின் கீழே கீச்சுச் சத்தத்துக்கு இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். டிக்கியில் தாளச் சத்தத்துக்கு நானே பலகை வெட்டிச் செய்த பெட்டி. டாஷ்போர்டு டிராயருக்குள் ஒளிந்திருக்கிற ஈக்வலைசரில், சத்தத்தை ஏற்றி இறக்க ஏழு குச்சிகள். முதல் குச்சி அடித்தொண்டை, ஏழாவது உச்சம். போனிலிருந்து பாட்டு போடவும் வழி செய்தேன். பழைய ரேடியோ ஒன்றும் அறியாத பிள்ளை போல அதே இடத்தில் இருக்கிறது. பலகையில் கீறல் இல்லை.

சாயந்திரம் குச்சிகளைச் சரிசெய்தேன். எங்கள் ஊர் ஆட்டப்பாட்டான ஹைலைஃபில் ஜால்ரா தெளிவாகக் கேட்கவேண்டும், கேட்கும்வரை ஏற்றினேன். அருமை. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர், "நல்லா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் போய்விட்டார்கள்.

மார்ச் 15, வெள்ளி

மேடம் டூஃபியும் அச்சியாவும் வந்தார்கள். பாட்டைப் போட்டேன். அச்சியா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் முதலில் சந்தோஷம் என்று நினைத்தேன்.

"மாஸ்டர், நிறுத்துங்க! பல்லு கூசுது" என்றார் மேடம்.

"புது ஸ்பீக்கர் மேடம், பழகப் பழகச் சரியாகிடும்."

"பழகறதுக்குள்ள என் பொண்ணு வண்டிய விட்டுக் குதிச்சிடுவா. அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா அடுசெய்கிட்ட விட்டுடுவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மார்ச் 16, சனி

எனக்குத் தெரியாதா? ஐம்பது வருஷம். அந்தப் பொண்ணு பொறந்தே இருபத்தாறு வருஷந்தான் ஆகுது. எனக்கா தெரியாது? ஒரு கீச்சும் இல்ல அதுல. நான் கேட்டேனே. ஒண்ணுமே இல்ல.

மார்ச் 17, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும்.

மதியம் என் மனைவி பொகுவாவைக் காரில் உட்காரவைத்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அவள் சாப்பாட்டுக்கடை. கிழங்கை இடித்துச் செய்யும் ஃபுஃபுவும் சூப்பும். கை துடைத்த துணியோடு அப்படியே வந்து உட்கார்ந்தாள். ஏழாவது குச்சியைத் தொட்டேன். முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, போதும்யா."

"இன்னும் ஏத்தவே இல்லையே."

"ஏத்தலையா? குச்சி கூரைய முட்டிக்கிட்டு நிக்குது, பாருங்க."

பார்த்தேன். உச்சியில்தான் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறக்கினேன், ஒன்றும் மாறவில்லை. ஏற்றினேன். ஒன்றும் இல்லை. அவள் முகம்தான் மாறிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

துணியை முறுக்கினாள். பிறகு சொன்னாள்: "டிரைவருங்க சாப்பிட வரப்ப பேசிக்குவாங்க. மாஸ்டர் செஞ்ச ரேடியோல மீன் பொரியுதுன்னு."

"ஒருத்தன் கூட என்கிட்ட சொல்லலையே."

"யார் சொல்லுவா, உங்ககிட்ட? உங்க வயசென்ன, அவங்க வயசென்ன? நல்லா இருக்கு மாஸ்டர்னு குனிஞ்சு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வேற என்ன செய்வாங்க?"

"நீ சொல்லியிருக்கலாம்."

"நீங்க வீட்ல ரேடியோ வைக்கறப்பல்லாம் நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவறேன். ரெண்டு வருஷமா கழுவறேன். கழுவின பாத்திரத்தையே கழுவறேன். ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டீங்களா?"

அடுசெய்யின் மேல் எத்தனை நாள் கோபப்பட்டேன். அவன் ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 20, புதன்

ஆஸ்பத்திரி. கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தியதைவிடச் சும்மா இருந்ததுதான் அதிகம்.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். அதில் கோடு சமமாகப் போய், திடீரென்று பள்ளத்தில் விழுகிறது. படித்துச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, "இரும்மா" என்றேன். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு காது. உயர்ந்த ஒலி. இழப்பு. என்னைப் பற்றிய ஒரு தாளை நானே படிப்பது இதுதான் முதல் தடவை. செய்தி கெட்டது. ஆனால் படித்துவிட்டேனே! நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் ஏன் சிரிக்கிறேன் என்று.

காதுக்கருவி வைக்கலாமாம். அளவெடுக்கப் பிறகு வரச் சொன்னார்கள்.

மார்ச் 22, வெள்ளி

காலையிலிருந்து சாப்பிடவில்லை. மேடம் டூஃபி வந்து இறங்கியதும் தாளை நீட்டினேன். "இதுதான் மேடம் பழுது. வண்டியில இல்ல, என்கிட்டதான்" என்றேன். "அடுசெய்கிட்ட விடறதுன்னா இப்பவே நானே ஓட்டிட்டுப் போய் விடறேன். இல்லன்னா பொகுவா கேட்டுச் சொல்லட்டும், நான் திருப்பறேன். வேற பொய் எதுவும் சொல்லமாட்டேன்."

அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துப் பேசினார்.

"நீலத்துக்கும் கறுப்புக்கும் எனக்கு இப்பல்லாம் வித்தியாசம் தெரியல, மாஸ்டர். கடையில என் தங்கச்சிதான் துணிய விரிச்சு மெதுவா பேர் சொல்லுவா. நான் என்னமோ பார்த்துட்ட மாதிரி தலையாட்டுவேன். ஆறு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "பொகுவாவுக்குக் காது நல்லாத்தான இருக்கு?" என்றார்.

அடுப்படியிலிருந்து பொகுவா கத்தினாள்: "அங்க நீங்க ரெண்டு பேரும் பேசினது அத்தனையும் கேட்டுது மேடம்!"

வியாழக்கிழமைவரை அவகாசம்.

மார்ச் 24, ஞாயிறு

பொகுவாவுக்குக் குச்சி, எண் எதுவும் தெரியாது. அவள் பேச்செல்லாம் அடுப்பிலிருந்து வருகிறது. முதல் நாள் சண்டைதான்.

"ஃபுஃபு இடிக்கறது பக்கத்து வீட்ல கேக்குது, நம்ம வீட்ல கேக்கல" என்றாள். என்ன சொல்கிறாள் இவள்? இரண்டாவது குச்சியை ஏற்றிப் பார்த்தேன். "ஆங், இப்ப நம்ம வீட்டு உரல்" என்றாள்.

"பாடறவன் வாயில மரவள்ளிக்கிழங்க அடக்கியிருக்கான்" என்றால் ஐந்தாவது குச்சி தாழ்ந்திருக்கிறது. மீன் பொரிந்தால் ஏழாவது. எண்ணெயில் தண்ணீர் தெறித்தால் ஆறு. இதையெல்லாம் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன், அவள் சொன்ன வார்த்தையிலேயே. எழுதத் தெரியாத காலத்தில் இதை எங்கே வைத்திருப்பேன்?

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "சூப் இருக்கு, ஆவி இல்ல" என்கிறாள். எல்லாக் குச்சியையும் அசைத்துவிட்டேன். ஆவி வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

ஆவி வந்துவிட்டது. குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கித் திருப்பினேன். பொகுவா இருக்கையைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கடையில் நான்கு பேர் தட்டோடு கத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

மேடம் வண்டியில் ஏறினார். அச்சியா பின்னால் உட்கார்ந்து, முன்னெச்சரிக்கையாகக் கையைக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பாட்டு தொடங்கியது. கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு தோள் ஆட ஆரம்பித்தது.

மேடம் வண்டியை விட்டு இறங்கி நேராகக் கடைக்குள் போய் பொகுவாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடிக்கிற உலக்கையோடு சேர்த்து.

மார்ச் 30, சனி

கூப்பிட்டிருந்தார்கள், போனோம். தேவாலய வாசலுக்குக் கார் வந்தது, நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. அத்தைகளும் சித்திகளும் வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஆடினார்கள். டிரைவர் நகரவே முடியவில்லை. தாளம் என் காலுக்கு வந்தது, பாடுகிறவன் குரலும் வந்தது. மீதியை நான் பொகுவாவின் முகத்தில் பார்த்தேன். எதுவும் குறையவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

இந்த வாரம் ஐந்து வண்டிகள் வந்தன. ஐந்து பேரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன், வயர் என்னுடையது, காது என்னுடையது அல்ல என்று. ஒருவனும் திரும்பிப் போகவில்லை. ஒருவன் மட்டும், "அப்பாடா, இப்பத்தான் உங்ககிட்ட நிம்மதியா பேச முடியுது மாஸ்டர்" என்றான்.

நேற்று ஒரு டாக்சிக்காரன் வந்தான். கொட்டகையில் நின்றிருந்த எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேராக அடுப்பிடம் போனான்.

"அக்கா, என் வண்டிய ஒரு தடவை கேட்டுச் சொல்றீங்களா?"

"சூப்ப இறக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் மாஸ்டர்கிட்ட வயரக் காட்டு."

வயரைப் பார்க்கக் கால் மணி நேரம்தான் ஆனது. சூப் இறங்க இன்னும் நேரம் இருந்தது. நானும் அவனும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

காதுக்கருவிக்கு வியாழக்கிழமை அளவெடுக்கிறார்கள். வைத்துக்கொண்டால் ஏழாவது குச்சி எப்படி இருக்கும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. பொகுவா, "கேட்டுட்டு வாங்க, ஆனா என் வேலைக்கு வந்துடாதீங்க" என்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத இன்று விரல் வலிக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு பக்கத்தின் ஓரத்தை இப்போதே மடித்து வைத்துவிட்டேன்.