மஞ்சள் மேலே, நீலம் கீழே

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு விரலில் ஊசி ஏறிவிட்டதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுநடுவே அவள் சொல்லாததும் வரும், கண்டுகொள்ளாதே. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே அம்மா சுகம், நான் சுகம், தையல் மிஷின் சுகம். அப்பாவுக்குத்தான் கட்சி முற்றிவிட்டது. கடவுள் இல்லை என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்த மனுஷன், இப்போது கடை திறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைவர் படத்தின் முன் நின்று கொள்கைகளை ஒப்பிக்கிறார். நடுவில் யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. தலைவர் படம் வந்த பேப்பரை அலமாரியில் விரிக்கக் கூடாதாம். அம்மா தலைவரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் விரிக்கிறாள். வெட்டியதை எறியவும் பயம், மாவு டப்பாவுக்குப் பின்னால் தலைவர்கள் கட்டுக்கட்டாக இருக்கிறார்கள்.

மாமா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். போன மாதக் கூட்டத்துக்குக் கொடி நம் கடையில்தான். வழக்கம்போல் மாமா வெட்டினார், அப்பா தைத்தார். நீலம் மேலே, மஞ்சள் கீழே. வளையம் இருக்கும் பக்கம்தான் கயிற்றில் மேலே ஏறும், அதனால் நீல மூலையில் வளையம், கீழே கட்ட மஞ்சள் மூலையில் நாடா. அன்றைக்கு அப்பா தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து அதை உடைத்திருந்தார். தடவித் தடவித் தைத்ததில் வளையம் மஞ்சளுக்குப் போய்விட்டது. கூட்டத்தில் கொடி தலைகீழாக ஏறியது. தலைவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "இனிமே கீழ கிடக்கிறவன்தான் மேல வருவான், அதைத்தான் இந்தக் கொடி சொல்லுது" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. வீட்டுக்கு வந்த மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "கண்ணாடி உடைஞ்சதுக்கு ஒரு கொள்கையா மச்சான்?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "நான் தைக்கல மாப்ள, தலைவர்தான் என் கையால தச்சாரு. நம்பாதவனுக்கு இந்த வீட்ல சோறு கிடையாது" என்றார். மாமா கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்வரிசையில் தன் வாசலில் நீலத்தை மேலே வைத்துக் கொடி கட்டினார்.

அம்மா தினமும் தன் தம்பிக்குத் தட்டு வைப்பாள், பிறகு கழுவாமலே எடுத்து வைப்பாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கடையிலோ அப்பாவே வெட்டத் தொடங்கி, பேங்க் காவலாளியின் பேண்ட்டுக்கு ஒரு கால் குட்டை. அவர் அதைப் போட்டுக் காட்டி, "இதுவும் கொள்கையா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு மஞ்சள் மேலே வைத்துக் கொடிகள் கேட்டார்கள். அப்பா வெட்டி என்னிடம் தள்ளினார். எனக்குத்தான் வாயைத் திறந்து எதிர்த்துப் பேச வராதே. எல்லாக் கொடியிலும் இரண்டு மூலைக்கும் வளையம் வைத்துவிட்டேன். அப்பா புதுக் கண்ணாடியோடு திருப்பித் திருப்பிப் பார்த்து, "எதும்மா மேல?" என்றார். "கட்டுறவங்க இஷ்டம்ப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். ஒரு கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். மாமாவின் வாசலில் நின்று, "மாப்ள, ஓரமெல்லாம் கோணலா இருக்கு, வந்து வெட்டிக் குடு" என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை, அவ்வளவுதான். மாமா கத்தரியோடு வந்தார். அன்று அம்மா தட்டைக் கழுவினாள்.

இப்போது அப்பா, இரண்டு வளையமும் தலைவர் மனதில் முன்பே இருந்ததுதான் என்கிறார். அம்மா, "மனசுல யாரு வேணா வச்சிருக்கட்டும், தச்சது எம் மக" என்றாள்.

நீ நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். போனில் அப்பா எந்த நிறம் மேலே என்று கேட்டால் லைன் சரியில்லை என்று சொல். வரும்போது மறக்காமல் அப்பாவுக்கு இன்னொரு கண்ணாடி வாங்கி வா. இது உடைந்தால் அடுத்த கொள்கை என்ன வருமோ என்று எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

அம்மா சொல்லியும் சொல்லாமலும் எழுதிய,
உன் தங்கை