தெருவைப் பார்க்கும் நாய்கள்

துர்க்கு மருத்துவமனை
ஜூன் 9, 1986

அன்புள்ள சிர்க்கா,

ஒரு கண்ணில் கட்டோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வீட்டின் இன்னொரு சாவி உன்னிடம் இருக்கிறது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவாய். அதில் கவலை இல்லை. ஆனால் நீ ஊர் சுற்றிக்காட்டும் சுற்றுலாக் கூட்டத்தை என் ஜன்னலில் நிறுத்தாதே என்று எத்தனை தடவை சொல்வது? நம் ஊர் ரௌமாவில் காட்ட வேறொன்றும் இல்லையா? தேவாலயம் இருக்கிறது, லேஸ் கடை இருக்கிறது. போன வாரம் ஒரு ஜெர்மன்காரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "பாட்டி, அந்தப் பீங்கான் நாய் ரெண்டும் என்ன விலை?" என்கிறான்!

கப்பல்காரர் வீட்டு ஜன்னலில் அது நம் ஊர் வழக்கம்: வீட்டு ஆள் கடலில் இருந்தால் நாய்கள் தெருவைப் பார்க்கும், திரும்பி வந்தால் உள்ளே பார்க்கும். உனக்கு அது காட்சி. எனக்கு அது வேய்க்கோ. சண்டை போட்டுக் கப்பலேறி, பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாத என் மகன்.

அவுனே

ரௌமா
ஜூன் 12

அன்புள்ள அவுனே அக்காவுக்கு,

கோபம் வேண்டாம். சொன்னாலும் கூட்டம் கேட்பதில்லை. அதனால் நாய்களை உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நீங்கள் வருவதற்குள் பழையபடி வைத்துவிடுவேன். இப்போது நாய்களின் முதுகைப் பார்க்க யாரும் அங்கே நிற்பதில்லை, நிம்மதி!

நேற்று ஒருவர் மட்டும் நின்றார். தாடி, இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. "நாய் ஏன் உள்ள பாக்குது?" என்றார். "போனவர் வந்துட்டாருங்க. இந்த வீட்டுல இப்ப யாரும் யாருக்காகவும் காத்திருக்கல" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று துறைமுகப் பக்கம் போய்விட்டார். லேஸ் கடைக்குக்கூட வரவில்லை, பாருங்களேன்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிர்க்கா

ரௌமா
ஜூன் 14

சிர்க்கா,

உன் கதவுக்கடியில் இதைப் போடுகிறேன். நேரில் வந்தால் கத்திவிடுவேன்.

அந்தப் புருவம் ஏழு வயதில் சவுனா நீராவிக் குளியலறை அடுப்பில் விழுந்து பிளந்தது. ஐயோ, நான்தானே தூக்கிக்கொண்டு ஓடினேன்! வீட்டை விட்டுப் போன அன்று வாசலில் நின்று சொன்னான்: "நாய் தெருவப் பாத்துட்டு இருந்தா மட்டும் கதவத் தட்டுவேம்மா." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

டாக்டர் தடுத்தும் பஸ் பிடித்து வந்தேன். துறைமுகத்தில் கேட்டேன். அவன் வந்த கப்பல் முந்தாநாளே போய்விட்டதாம்.

நாய்களைத் திருப்பி வைத்துவிட்டேன். நாளைக் காலை உன் கூட்டத்தைக் கூட்டி வா. எல்லோரும் கண்ணாடியில் மூக்கை அழுத்தட்டும், படம் எடுக்கட்டும். அவன் பெயரை உரக்கச் சொல். உனக்குத் தெரிந்த பாஷையிலெல்லாம் சொல். யாராவது ஏதோ ஒரு ஊரில் அவனைப் பார்த்து, "உங்கம்மா இன்னும் தெருவத்தான் பாத்துட்டு இருக்காங்க" என்று சொல்லமாட்டார்களா?

சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போ.

அவுனே